கீற்றுக் கொட்டகையின் வரலாறு

வரலாறு பெரும்பாலும் கல்லின் பக்கமே சாய்ந்து நிற்கிறது. தில்லைக் கோயிலின் மதில்களில் சோழ மன்னர்கள் வெட்டுவித்த கல்வெட்டுகளைப் படியெடுக்க அறிஞர்கள் வந்தனர். கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் இடிந்து கிடக்கும் புனித டேவிட் கோட்டையைப் பற்றி ஆங்கிலேயர் பக்கம் பக்கமாக எழுதி வைத்தனர். 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற்கும் எழுதப்பட்ட வரலாறு உண்டு. ஆனால் இந்த இரு நகரங்களுக்கும் இடையே, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், இரவுதோறும் நூற்றுக்கணக்கான மக்களைக் கூட்டி வைத்த ஓர் இடத்திற்கு ஒரு செங்கல்கூட அடையாளமாக மிஞ்சவில்லை. டூரிங் டாக்கீஸ் என்றும், டெண்ட் கொட்டகை என்றும், வெறுமனே ‘கொட்டாய்’ என்றும் நம் மக்கள் அழைத்த கீற்றுக் கொட்டகையே அது.

கடலூரில் நியூ சினிமா, கிருஷ்ணாலயா, சிதம்பரத்தில் வடுகநாதன், லேனா என்று சுவரும் கூரையும் கொண்ட நிலையான அரங்குகளின் பெயர்களை இன்றும் பலர் சொல்லக் கேட்கலாம். கொட்டகைகளின் பெயர்களைச் சொல்வோர் அருகிவிட்டனர். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், புவனகிரி, பரங்கிப்பேட்டை, கிள்ளை, காட்டுமன்னார்கோயில், லால்பேட்டை என நீளும் இந்த வட்டாரத்தில், சிற்றூர்களின் ஓரத்து மேட்டு நிலங்களில் எழும்பி, சில மாதம் இரைந்து, பின்பு தடமின்றிக் கலைந்தவை அவை. கலைந்து போவதற்காகவே கட்டப்பட்டவை என்பதை முதலில் நினைவில் நிறுத்திக் கொள்ள வேண்டும். ஏனெனில் அவற்றின் பிறப்பு, வாழ்வு, மறைவு மூன்றையும் விளக்கும் திறவுகோல் அதுவே.

இத்தகைய அரங்கு ஒன்று அமெரிக்காவிலும் உண்டு. நியூஜெர்சியில் ரிச்சர்டு ஹாலிங்ஸ்ஹெட் என்பவர் 1933 ஜூன் மாதம், காரில் அமர்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளி அரங்கு ஒன்றைத் தொடங்கினார். ‘டிரைவ்-இன்’ என்று பெயர் பெற்ற அந்த முறை அந்நாட்டுச் சிற்றூர்களில் காட்டுத்தீயெனப் பரவிற்று. 1950-களின் இறுதியில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அரங்குகள் இருந்தன. இன்று அவை சில நூறாகக் குறைந்துவிட்டன. நம் நாட்டில் 1973-இல் அகமதாபாத் நகரில் அறுநூறுக்கும் மேற்பட்ட கார்கள் நிற்கத்தக்க அரங்கு ஒன்று எழுந்தது. சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் பின்னாளில் ஒன்று வந்தது. கடலூர், சிதம்பரம் சிற்றூர்களில் கார் ஏது? இரட்டை மாட்டு வண்டியும் மிதிவண்டியும்தாம். ஆயினும் இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை வியப்பூட்டுவது. இரண்டும் ஊர்ப்புறத்து மலிவு நிலத்தை நம்பியவை. இரண்டும் இருட்டை நம்பியவை. பொழுது சாய்ந்தாலன்றிப் படம் தெரியாது. இரண்டையும் வீழ்த்தியவையும் அவையேதாம்: நிலத்தின் விலை ஏறியதும், வீட்டுக்குள்ளேயே படம் வந்துவிட்டதும்.

இந்தக் கொட்டகையின் மூதாதையைத் தேடினால் திருச்சிராப்பள்ளிக்குச் செல்ல வேண்டும். பாரிஸ் நகரில் 1895 டிசம்பரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுக் காட்டிய சலனப்படம், 1896 ஜூலையில் பம்பாய் வாட்சன் ஓட்டலை எட்டிவிட்டது. தமிழ் நாட்டின் உட்பகுதிக்கு அதைச் சுமந்து சென்றவர், தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராகப் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட். டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகப் படம் காட்டி வந்தார். அவர் நோயுற்றுத் தாயகம் திரும்ப நேர்ந்தபோது, அவருடைய இயந்திரத்தையும் படச்சுருள்களையும் 1905-இல் சாமிக்கண்ணு விலைக்கு வாங்கினார். ரயில்வே வேலையை உதறிவிட்டு, ஏசுநாதரின் வாழ்க்கையைக் காட்டும் மௌனப்படத்துடன் அவர் புறப்பட்டார். வடக்கே பெஷாவர் வரையிலும் கடல் கடந்து மலேயா வரையிலும் அவருடைய கூடாரம் சென்றது. பின்னர் 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்கைக் கட்டி அமர்ந்தார். திருச்சியிலிருந்து தஞ்சை, மயிலாடுதுறை, சிதம்பரம், கடலூர் வழியாகச் சென்னைக்குச் செல்லும் பாதையே அன்றைய முதன்மை இருப்புப்பாதை என்பதை இங்கே நினைவூட்டலாம். கூடாரமும் இயந்திரமும் பெட்டிகளும் ரயிலேறிச் செல்லும் தொழிலுக்கு, இருப்புப்பாதை ஓரத்து ஊர்களே முதற் சந்தை.

அந்நாளைய படச்சுருள் நைட்ரேட் கலந்த செல்லுலாய்டால் ஆனது. தீப்பற்றினால் நீரூற்றியும் அணையாத இயல்புடையது. 1897 மே மாதம் பாரிஸில் அறநிதிக்காக நடந்த கண்காட்சி ஒன்றில், படம் காட்டும் விளக்கிலிருந்து எழுந்த தீயால் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்த அச்சம் உலகெங்கும் சட்டமாயிற்று. இந்தியாவில் 1918-இல் சினிமாட்டோகிராப் சட்டம் வந்தது. படத்தைத் தணிக்கை செய்வதும், காட்டும் இடத்திற்கு உரிமம் வழங்குவதும் அதன் இரு கைகள். தணிக்கையைப் பற்றி நம்மவர் நிறைய எழுதியுள்ளனர். உரிமத்தைப் பற்றி எழுதியவர் குறைவு. கொட்டகையின் கதை முழுவதும் உரிமத்தின் கதைதான்.

1931 அக்டோபர் இறுதியில் ‘காளிதாஸ்’ சென்னையில் திரையிடப்பட்டதும் படம் பேசத் தொடங்கிற்று. பேசும் படத்துக்கு ஒலிபெருக்கி வேண்டும், தடையற்ற மின்சாரம் வேண்டும். கிராமத்தில் மின்சாரம் ஏது? ஆகவே கொட்டகைக்காரர் டீசல் எஞ்சினையும் தம்முடன் கொண்டு வந்தார். பல சிற்றூர்கள் தம் மண்ணில் மின்விளக்கு எரியக் கண்டதே கொட்டகை வந்த அன்றுதான். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைக் கொண்டு 1962-இல் மின் உற்பத்தி தொடங்கிய பின்னரும், அதன் நிழலில் இருந்த எத்தனையோ குக்கிராமங்களில் இரவில் ஒளி வீசியது கொட்டகை ஒன்றே.

நாடு விடுதலை பெற்றபின் 1955-இல் சென்னை மாநிலச் சினிமாக்கள் ஒழுங்குமுறைச் சட்டமும், 1957-இல் அதன் விதிகளும் வந்தன. அவை அரங்குகளை நிலையானவை, அரை நிலையானவை, சுற்றித் திரிபவை என்று பிரித்தன. உரிமம் வழங்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம் தரப்பட்டது. தென்னாற்காடு மாவட்டத்தைப் பொறுத்தவரை, கடலூர் மஞ்சக்குப்பத்து அலுவலகமே கொட்டகைகளின் தலைவாசல். சுற்றித் திரியும் கொட்டகைக்கு உரிமம் குறுகிய காலத்துக்கே கிடைக்கும். காலம் முடிந்தால் பிரித்தெடுத்து வேறிடம் செல்ல வேண்டும், அல்லது சிறிது இடைவெளி விட்டுப் புதிதாக மனுச் செய்ய வேண்டும். செங்கல் சுவர் எழுப்பவோ, நிலையான கூரை வேயவோ முதலாளிக்குத் துணிவு வருமா? மூங்கில், சவுக்குக் கழி, தென்னங்கீற்று, தட்டி இவற்றாலேயே அனைத்தும் அமைந்தன. இவை இந்தக் கடற்கரை வட்டாரத்தில் தாராளமாய்க் கிடைத்தன என்பதும் தொழிலுக்குத் துணையாயிற்று. சட்டம் ‘தற்காலிகம்’ என்றது. அந்தச் சொல்லின் கீழேயே ஒரு தலைமுறை வளர்ந்து, மணமுடித்து, நரைத்துப் போனது. ஒரே ஊரில் ஒரே மேட்டில் ஆண்டுதோறும் பிரிப்பதும் கட்டுவதுமாகவே காலம் தள்ளிய முதலாளிகளும் உண்டு.

வானமும் ஓர் உரிமம் வழங்கிற்று. இந்தப் பகுதிக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில் வரும். வங்கக் கடலில் புயல் சின்னம் தோன்றினால் கீற்றுக் கூரை எம்மாத்திரம்? மழைக்காலத்தில் கொட்டகை படுத்துவிடும். தை பிறந்து சம்பா அறுவடை முடிந்து, வயல் காய்ந்து, உழவன் கையில் நாலு காசு புரளும் வேளையில் மீண்டும் எழும். வீராணம் ஏரிப் பாசனத்தில் நெல் விளைவித்தோரும், கொடிக்காலில் வெற்றிலை கிள்ளியோரும், கடலில் வலை வீசியோரும், நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் உழைத்தோரும் அதன் வாடிக்கையாளர். தொழிலின் பஞ்சாங்கம் உழவின் பஞ்சாங்கத்தோடு ஒட்டியே ஓடிற்று.

இனி, கொட்டகையின் ஓர் இரவைப் பார்ப்போம். பகலில் மாட்டு வண்டியின் இருபுறமும் தட்டி கட்டி, சுவரொட்டி ஒட்டி, தமுக்கடித்து ஊர் சுற்றி வருவார்கள். வண்டியிலிருந்து வீசப்படும் வண்ண நோட்டீசுக்காகச் சிறுவர் கூட்டம் பின்னால் ஓடும். பொழுது சாயும் நேரத்தில், கொட்டகையின் உச்சியில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி இசைத்தட்டுகளைப் பாடத் தொடங்கும். அது சுற்றுப்புறத்து ஊர்களுக்கு மணிக்கூண்டு. முதல் தட்டு வைத்ததும் உலையைப் பற்ற வைப்போரும், இன்ன பாட்டு வந்தால் சீட்டுக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று வரப்பில் ஓட்டமெடுப்போரும் இருந்தனர். காட்சி இரண்டே: மாலை ஆட்டம், இரவு ஆட்டம். கீற்றின் இடுக்கில் பகல் வெளிச்சம் புகுந்துவிடும் ஆதலால் பகற்காட்சி இல்லை.

உள்ளே தரை, பெஞ்சு, நாற்காலி என்று மூன்று வகுப்பு. நிலையான அரங்கில் செல்வர்க்கும் எளியவர்க்கும் தனித்தனி வாசலும் படிக்கட்டும் மாடியும் உண்டு. கொட்டகையில் அவர்களைப் பிரித்தது ஒரு கயிறோ, இடுப்பளவு தட்டியோதான். திரைக்கு அருகே மணல் பரப்பிய தரை. நாலணாச் சீட்டு வாங்கியவர் அமர்வது அங்கே. முன்னே இருப்பவர் தலை மறைத்தால் மணலைக் குவித்து மேடாக்கி உட்காருவார். பின்னே இருப்பவர் வைவார். அவர் இன்னும் உயரமாகக் குவிப்பார். இப்படியே இடைவேளைக்குள் சிறு சிறு குன்றுகள் தோன்றிவிடும். பெண்களுக்கெனத் தனிப் பகுதி. கைக்குழந்தை அழுதால் அதட்டுவதற்கும், உறங்கினால் முந்தானை விரித்துக் கிடத்துவதற்கும் மணல் தோதாக இருந்தது.

இயந்திரம் ஒன்றே. நகர அரங்குகளில் இரண்டு இருக்கும், ஒன்று முடியும்போது மற்றொன்று தொடங்கும். முப்பத்தைந்து மில்லிமீட்டர் படச்சுருள் ஆயிரம் அடிக்கு ஏறக்குறையப் பதினொரு நிமிடம் ஓடும். தமிழ்ப் படமோ பதினைந்தாயிரம் அடிக்குக் குறையாது. ஆகவே கொட்டகையில் சுருள் மாற்றும்போதெல்லாம் விளக்கு எரியும். ஒரு படத்துக்கு மூன்று இடைவேளை என்பது சாதாரணம். படம் எடுத்தவர் கதையை ஒரே இடைவேளைக்குத் திட்டமிட்டிருப்பார். சண்டையில் ஓங்கிய வாள் இறங்குமுன் விளக்கு எரிந்துவிடும்! ஆயினும் முறுக்கு, சுண்டல், வேர்க்கடலை, சோடா விற்றோர் அந்த மூன்று இடைவேளைகளை நம்பியே வாழ்ந்தனர். கதையின் பாட்டுகள் அடங்கிய பாட்டுப் புத்தகமும் அப்போதுதான் விற்பனையாகும். எழுத்தறியாத வீட்டில்கூட ஒரு பாட்டுப் புத்தகம் இருந்தது. பள்ளி செல்லும் பிள்ளை அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். எழுத்துப் பழக்கத்துக்கு இந்த மலிவுத் தாள் செய்த தொண்டைத் தமிழ்க் கல்வியின் வரலாற்றில் யாரேனும் கணக்கெடுத்தால் நலம்.

ஆபரேட்டர் என்றால் அந்தக் காலத்துச் சிறுவர்க்கு அமைச்சருக்குச் சமம். இரு கார்பன் குச்சிகளை நெருங்க வைத்து மின்பொறி எழுப்பி, அந்த ஒளியை அவர் காத்து நிற்பார். குச்சி தேயத் தேய நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணயர்ந்தால் திரை மங்கும், கூட்டம் சீழ்க்கையடிக்கும். பல ஊர் சுற்றி, பல் தேய்ந்து, கீறல் விழுந்து வரும் பழைய பிரதியே கொட்டகைக்குக் கிடைக்கும். நகரத்தில் வெளியாகிப் பல மாதம், சில வேளை பல ஆண்டு கழித்துத்தான். அறுந்த இடத்தில் ஆபரேட்டர் வெட்டி எறியும் துண்டுப் படங்களைச் சேர்ப்பது சிறுவரின் செல்வம். அரசின் பிலிம்ஸ் டிவிஷன் 1948 முதல் எடுத்து வந்த செய்திப் படங்களையும் கட்டாயமாகக் காட்ட வேண்டும் என்பதால், அணை திறப்பும் தலைவர்களின் சுற்றுப்பயணமும் பழஞ்செய்தியாகிய பின்னர் இங்கே புதுச்செய்தியாக ஓடின.

கோயிலுக்குள்ளும் தேநீர்க் கடையிலும் இன்னார் இங்கே நிற்கலாம், இன்னார் நிற்கலாகாது என்று வகுத்திருந்த ஊர்களில், சீட்டு வாங்கிய எவரும் அமரக்கூடிய மணல் அது. இதை மிகைப்படுத்திச் சொல்லவும் கூடாது. ஊர்க்காரர் ஒரு பக்கமாகவும் சேரிக்காரர் ஒரு பக்கமாகவும் தாமாகவே ஒதுங்கி அமர்ந்த இரவுகள் உண்டு. நாற்காலி பெரும்பாலும் நிலக்கிழாருக்கே. ஆனால் விலை கொடுத்தவருக்கு இடம் உண்டு என்ற சட்டம் அந்த ஊர்களுக்குள் நுழைந்த முதல் வாசல்களுள் கொட்டகை ஒன்று. கடலூரில் 1934-இல் பிறந்த ஜெயகாந்தன், கூலிப்பெண் ஒருத்தியின் மனத்தில் திரை விதைத்த மயக்கத்தைப் பற்றி ‘சினிமாவுக்குப் போன சித்தாளு’ என்று ஒரு குறுநாவலே எழுதினார். உழைக்கும் மக்கள்மீது படம் கொண்ட பிடியை அவர் கசப்போடு பார்த்தார். அந்தக் கசப்பில் நியாயம் உண்டு. அதே மக்களுக்கு நாளெல்லாம் குனிந்த முதுகை நிமிர்த்தி அமர வேறு இடம் இருந்ததா என்ற வினாவும் அதனோடு சேர்த்துக் கேட்கத் தக்கது.

நம் குடும்பங்களின் கதைக்கு வருவோம். முஸ்லிம் ஊர்களில் கொட்டகை இனிய விருந்தாளியாக வரவேற்கப்பட்டதில்லை. பெரியோர் அதை வீண் கேளிக்கை என்றனர். பலர் ஹராம் என்றே கூறினர். மக்ரிபு பாங்கும் முதல் இசைத்தட்டும் ஏறத்தாழ ஒரே வேளையில் எழும் என்பதால் மனத்தாங்கலும் வந்தது. பல ஊர்களில் இதற்கு எழுதாத உடன்பாடு ஒன்று நிலவிற்று. பாங்கு முடியும்வரை தட்டு சுழலாது. கொட்டகைக்காரர் பெரும்பாலும் வேற்றூர்க்காரர், குறுகிய கால உரிமக்காரர். ஊர்ப் பெரியவர்களைப் பகைத்துக்கொண்டு அவர் பிழைக்க முடியாது. சட்டத்தின் பிடியைவிட இந்தத் தேவையே அமைதியைக் காத்தது எனலாம்.

இளைஞர்கள் போகத்தான் செய்தனர். இஷா தொழுகைக்குச் செல்வதாகச் சொல்லி இரவு ஆட்டத்துக்குச் சென்ற கதைகளை இன்று தாத்தாக்களாகிவிட்ட அவர்களே சிரித்துக்கொண்டு சொல்வர். பெண்கள் போகவில்லை. போன குடும்பங்கள் உண்டு எனினும் அவை விதிவிலக்கு. ஆனால் ஒலிபெருக்கிக்குப் பர்தா இல்லையே! வயல்களைத் தாண்டி, திண்ணையைத் தாண்டி, உள்கட்டுக்குள் அந்தப் பாட்டுகள் வந்து விழுந்தன. இரவு காற்று வாகாக வீசினால் வசனமும் கேட்கும். படத்தைக் காணாமலேயே அதன் பாட்டுகளையும் வசனங்களையும் மனப்பாடமாக அறிந்த தலைமுறை ஒன்று நம் வீட்டுப் பெண்களிடையே இருந்தது. கதாநாயகியின் அழுகுரல் அவர்களுக்குத் தெரியும், முகம் தெரியாது. படம் பார்த்து வந்த தம்பியைக் கேட்டு இடைப்பட்ட கதையைக் கோத்துக் கொள்வார்கள். தமிழ்த் திரையின் வரலாற்றை எழுதியோர், பார்த்தவர்களைப் பற்றியே எழுதினர். கேட்டவர்களைப் பற்றியும் ஒரு அத்தியாயம் வேண்டும்.

திரையில் முஸ்லிம் எவ்வாறு தோன்றினார் என்பதும் கருதத் தக்கது. 1955-இல் ‘குலேபகாவலி’, 1956-இல் தமிழின் முதல் வண்ணப்படமாக ‘அலிபாபாவும் நாற்பது திருடர்களும்’, 1960-இல் ‘பாக்தாத் திருடன்’. கொட்டகைகள் விரும்பி எடுத்து ஓட்டிய படங்கள் இவை. கிராமத்து மக்கள் திரையில் கண்ட முஸ்லிம், அரபுநாட்டுக் கதையின் தலைப்பாகையும் வளைந்த வாளும் அணிந்தவர். அதே மணலில் பக்கத்தில் அமர்ந்து வேர்க்கடலை பகிர்ந்த மரக்காயரும், ராவுத்தரும், லெப்பையும் தம்மைத் திரையில் கண்டதில்லை. 1961-இல் வந்த ‘பாவ மன்னிப்பு’ அந்த வகையில் ஒரு மாறுதல். அதில் முஸ்லிமாக வளர்க்கப்பட்ட நாயகனைச் சிவாஜி கணேசன் ஏற்று நடித்தார். நாகூர் இ. எம். ஹனீபாவின் குரலும் அப்படத்தில் ஒலித்தது. அந்தக் கம்பீரக் குரலைத் தம் ஊர் இசையரங்கில் நேரில் கேட்டவர்களுக்கு அது திரையிலிருந்து வருவது தனிப் பெருமையாக இருந்திருக்கும். பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடும் ‘இதயக்கனி’ படத்தின் வழியாக 1975-இல் திரைக்கு ஏறிற்று. கிள்ளைப் பக்கத்து மக்கள் தங்கள் கழிமுகத்தையே வெள்ளைத் துணியில் கண்டனர்.

அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்துத் தமிழகமே நடுங்கும் செய்தி தெற்கிலிருந்து வந்தது. 1979 ஜூலை 29 அன்று தூத்துக்குடியில் லட்சுமி டாக்கீஸ் என்ற கீற்றுக் கொட்டகை தீப்பற்றி எரிந்து, எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நைட்ரேட் படச்சுருள் 1950-களிலேயே வழக்கொழிந்து போயிற்று. சுருள் மாறினாலும் கூரை மாறவில்லை. சட்டம் ‘தற்காலிகம்’ என்று சொன்னதால் கீற்றை விட்டு வேறொன்றுக்குச் செல்ல முதலாளிக்கு ஊக்கமில்லை. கீற்றின் கீழே அமர்ந்தவர்களோ, மிகக் குறைந்த விலைச் சீட்டுக்கு அதைவிடக் கூடுதலாகக் கேட்கும் நிலையில் இல்லை. இந்தக் கணக்கில் யாரும் தனியாகக் கொடியவர் அல்லர். ஆனால் விலையைக் கொடுத்தோர் ஏழைகள்.

தீ கொட்டகையை முடித்துவிடவில்லை. முடித்தது வேறொன்று. 1975 ஆகஸ்டு 15-இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கிற்று. 1982-இல் வண்ணம் வந்தது. 1984-ஐ ஒட்டி நாடெங்கும் சிறு ஒளிபரப்பு நிலையங்கள் அடுத்தடுத்து எழுந்தன. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிறு மாலை முழு நீளத் தமிழ்ப்படம் என்றால் தெருவே வெறிச்சோடும். ஞாயிற்றுக்கிழமை கொட்டகையின் பெருவருவாய் நாள் என்பதை நினைத்தால் அடியின் வலிமை புரியும்.

அதே காலத்தில் வீடியோ டெக் வந்தது. இங்கேதான் நம் ஊர்களின் பங்கு பெரிது. பரங்கிப்பேட்டை, லால்பேட்டை போன்ற ஊர்களிலிருந்து பிழைப்பு நாடிச் சிங்கப்பூருக்கும், மலேசியாவுக்கும், பின்னர் வளைகுடா நாடுகளுக்கும் சென்றோர், விடுமுறையில் திரும்பும்போது கொண்டுவந்த பெட்டிகளில் அதுவும் ஒன்று. முதலில் டேப் ரெக்கார்டர், அடுத்து வண்ணத் தொலைக்காட்சி, அடுத்து டெக். எந்த வீட்டுப் பெண்கள் ஒருநாளும் கொட்டகையின் மணலை மிதித்ததில்லையோ, அந்த வீட்டுக் கூடத்தில் திரை நிரந்தரமாகவே குடியேறிற்று. செவியால் மட்டும் அறிந்திருந்த நாயகியின் முகத்தை அவர்கள் முதன்முதலாகக் கண்டனர், நரை விழுந்த பிறகு. வெளியே போகலாகாது என்று தடுத்த பெரியவர், உள்ளே வந்ததைத் தடுக்க வழியறியாது திண்ணைக்கு நாற்காலியை நகர்த்திக்கொண்டார். அக்கம்பக்கத்தார் எம்மதத்தவராயினும் அந்தக் கூடத்தில் வந்து கூடினர் என்பதையும் சொல்ல வேண்டும். சிறிது காலம் அந்தக் கூடமே கொட்டகையாக இருந்தது, சீட்டு இல்லாமல்.

வாடகைக்கு டெக் எடுத்து, ஓரிரவில் மூன்று படம் ஓட்டும் வழக்கம் திருமண வீடுகளுக்கும் திருவிழாக்களுக்கும் பரவிற்று. கட்டணம் வாங்கி வீடியோவில் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்த 1984-இல் தமிழக அரசு தனிச் சட்டமே கொண்டுவர நேர்ந்தது. கொட்டகைக்காரரின் உரிமத்துக்கு ஆயிரம் நிபந்தனை இருக்க, பெட்டிக்குள் அடங்கும் நாடாவைப் பிடிக்க எந்தச் சட்டத்தால் முடியும்? அவர் கொடுத்த கேளிக்கை வரி 1939-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து தொடர்ந்து வந்தது. டெக் வைத்திருந்த வீட்டுக்கு வரி ஏது? 1990-களில் கேபிள் வந்தபின் போட்டி என்று சொல்லவே இடமில்லாது போயிற்று. கடைசியாகத் திரையிடும் முறையே மாறி, படச்சுருள் என்ற பொருளே வழக்கொழிந்தது. பழைய பிரதியை மலிவாக வாங்கி ஓட்டுவதே கொட்டகையின் பிழைப்பு. பிரதியே இல்லை என்றபின் என்ன செய்வது?

கொட்டகை இருந்த மேடுகள் இன்று மனைப்பிரிவுகளாகவும், திருமண மண்டபங்களாகவும், பெட்ரோல் நிலையங்களாகவும் மாறிவிட்டன. கட்டடம் இல்லாததால் இடிக்க வேண்டிய வேலையும் இல்லை. கூம்பு ஒலிபெருக்கிகள் வாடகைக் கடைகளுக்குச் சென்றன. இரும்பு நாற்காலிகள் பழைய இரும்புக்கு எடை போடப்பட்டன. மகாராட்டிரத்தில் சந்தைகளுக்குச் சுற்றித் திரியும் கூடாரச் சினிமாக்களைப் பற்றிய ஆவணப்படம் ஒன்று 2016-இல் கான் திரைப்பட விழாவில் பாராட்டுப் பெற்றது. தமிழகத்துக் கொட்டகைகளுக்கு அத்தகைய பதிவு கிட்டவில்லை. தியடோர் பாஸ்கரன் போன்றோர் தமிழ்த் திரையின் சமூக வரலாற்றை எழுதி வழிகாட்டியிருக்கின்றனர். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய பாட்டுப் புத்தகங்களைப் பேணி வருகிறது. தென்னாற்காட்டுக் கொட்டகைகளின் நோட்டீசுகளும், உரிம நகல்களும், கணக்கேடுகளும் இன்னும் யாருடைய பரணிலேனும் இருக்கக் கூடும். பரண் காலி செய்யும் வீட்டார் பழைய காகிதக்காரரை அழைக்குமுன் ஒருமுறை பிரித்துப் பார்ப்பார்களாக.

தென்னாற்காடு என்ற மாவட்டப் பெயரும் 1993-இல் வரைபடத்திலிருந்து நீங்கிற்று. கடலூர் ஒன்றாகவும் விழுப்புரம் ஒன்றாகவும் அது பிரிந்தது. வட ஆற்காடும் செங்கற்பட்டும்கூடப் பலவாய்ப் பிரிந்துவிட்டன. ஆனால் திரைப்பட வினியோகத் தொழிலில் மட்டும், கொட்டகைக்குப் பெட்டி அனுப்பிய காலத்து ஏரியாப் பிரிவு அப்படியே நிற்கிறது. வட ஆற்காடு, தென்னாற்காடு, செங்கற்பட்டு என்ற மூன்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து, கடலூரும் சிதம்பரமும் அடங்கிய அந்தப் பகுதியை வினியோகஸ்தர்கள் ‘என்.எஸ்.சி.’ என்றே அழைத்து வருகின்றனர்.